கப்பலுக்குச் சரியான ஜோடி

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. கதவோரம் இருக்கிறவங்களும் உள்ளே நகருங்க, என் குரல் முன்ன மாதிரி எட்டாது. இன்னைக்கு ஒரு சாவைப் பத்தின கதை. பயப்படாதீங்க, பேயும் கிடையாது, கத்தியும் கிடையாது. ஒரு ஜோடி ரப்பர் துடுப்புதான் கதையே. துப்பையெல்லாம் வழியிலேயே போட்டுக்கிட்டு வருவேன், ஒண்ணையும் மடியில ஒளிச்சு வைக்க மாட்டேன். பொறுக்கிக்கிறது உங்க சமர்த்து.

காலை ஏழு மணி.

அலைத்தடுப்புச் சுவரிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பழைய சரக்குக் கப்பல் மூழ்கிக் கிடந்தது. இடம் தெரிவதற்காக மேலே ஒரு சிவப்பு மிதவை. அன்று அந்த மிதவையில் ஒரு சின்னப் படகு கட்டியிருந்தது. படகில் ஆள் இல்லை. மீன் பிடிக்கப் போனவர்கள் பார்த்துவிட்டுத் தகவல் சொன்னார்கள். மீட்புக் குழு இறங்கியது. கப்பலுக்குப் பக்கத்து மணலில் ஒருவர் கிடந்தார். முதுகில் சிலிண்டர், அதில் துளி காற்று இல்லை. காலில் ஒரு ஜோடி ஃபின்.

ஃபின் என்றால், முக்குளிக்கிறவர்கள் காலில் மாட்டிக்கொள்கிற துடுப்பு. வாத்துக்குக் கடவுள் கொடுத்ததை மனுஷன் கடையில் வாங்குகிறான், அவ்வளவுதான்.

செத்தவர் முக்குளிக்கக் கற்றுக்கொடுப்பவர். துறைமுகத்தில் எல்லாருக்கும் அவர் வாத்தியார்.

"செத்தவர் மாதிரியே இல்ல மேடம்," என்றான் அவரைத் தூக்கியவன். "கன்னம், உதடு எல்லாம் நல்லா சிவந்து, இப்பத்தான் தூங்கி எழுந்த மாதிரி இருந்தார்."

கேட்டுக்கொண்டு நின்றவர் இன்ஸ்பெக்டர். கனத்த உடம்பு, மெல்லிய குரல். நீச்சல் தெரியாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போதே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிற ஜாதி. படகில் போகாமல் சுவர்மேலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

மருத்துவர் சுருக்கமாகச் சொன்னார். மூழ்கிய சாவு. காயம் இல்லை. வலது முழங்கால் மட்டும் வீங்கியிருக்கிறது, அது பழைய வீக்கம்.

விபத்து என்று எழுதி மூடியிருக்கலாம். ஆனால் முந்தின நாள் சாயங்காலம் வாத்தியாரின் மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி, துறைமுகம் முழுக்கக் கேட்கக் கத்தியிருக்கிறான்: "நீங்க செத்தாத்தான் மாமா இது முடியும்!" படகுச் சாவியும் அவன் பொறுப்பு. ராத்திரி எங்கே இருந்தாய் என்றால், படகுத்துறையில் தனியாகப் படுத்திருந்தேன் என்கிறான். எதற்குச் சண்டை என்றால் வாயே திறக்கவில்லை. காவல் நிலையத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

காலை பத்து மணி. முக்குளிப்புக் கடை.

வாத்தியாரின் மனைவி கல்லாவுக்குப் பின்னால் துண்டு மடித்துக்கொண்டிருந்தார். வாடகைக்குக் கொடுக்கிற துண்டுகள். மடித்து அடுக்கி முடித்ததும் மறுபடி மேலிருந்து ஒன்றை எடுத்து உதறி மடித்தார். அழவில்லை. அவர் முன்னால் ஒரு டீ ஆடை கட்டி இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து ஃபின் ஜோடியை எடுத்து வைத்தார். குட்டையாக, கறுப்பாக, கனமாக இருந்தது.

"இது அவரோடதாம்மா?"

"ஆமாம்."

"கப்பலுக்குப் போகும்போது இதைத்தான் போடுவாரா?"

"கப்பலுக்குன்னா இதுதான்."

"உங்க தம்பிக்கும் அவருக்கும் என்ன சண்டை?"

"தெரியாது."

"தம்பி செஞ்சிருப்பான்னு நினைக்கிறீங்களா?"

துண்டு பாதி மடிப்பில் நின்றது. "அவனை என் இடுப்புல தூக்கி வளர்த்தேன். இப்ப அவனும் இல்லைன்னு நீங்க சொன்னா, சரின்னு கேட்டுக்குவேன். எனக்கு ஒண்ணும் உறைக்கல மேடம். நேத்து பூரா கரண்ட் இல்ல, ஒரே புழுக்கம். அதுதான் ஞாபகம் இருக்கு. வேற எதுவும் மனசுல நிக்கல."

கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது. கேட்காதது எதுவும் வரவில்லை. துக்கம் சிலரை அலற வைக்கும், சிலரைச் சாவி கொடுத்த பொம்மையாக்கிவிடும். ஃபினைப் பையில் போடப் போன இன்ஸ்பெக்டர் நின்றார். பின்பட்டையின் கொக்கிக்கு அடியில் வெள்ளையாக ஏதோ கட்டியாக அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தார். முகப்பவுடர் வாசனை.

"இதென்ன பவுடர்?"

"ரப்பர் ஒட்டிக்காம இருக்கப் போடுறது. ரொம்ப நாள் எடுத்து வைக்கிறதா இருந்தா போடுவோம்."

மறுபடி துண்டு. இன்ஸ்பெக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். அவருக்கு அப்போது தோன்றவில்லை. எல்லாருக்கும் அப்படி ஒரு நிமிஷம் உண்டு.

கடைக்குப் பின்னால் பயிற்சித் தொட்டி. அதைத் தாண்டி, சிலிண்டரில் காற்று நிரப்பும் அறை. அங்கே இருந்தவரைக் காத்துக்காரர் என்பார்கள். வாத்தியாரோடு சேர்ந்தே நரைத்தவர். சுத்தக்காரர். சுவரில் ஸ்பேனர் தொங்கும் இடத்தில் ஸ்பேனரின் உருவம் வரைந்திருந்தது, சுத்தியலுக்குச் சுத்தியல். ஒரு பொருள் இடம் மாறினால் அவருக்குச் சோறு இறங்காது.

"வாத்தியாரோட இந்த ஃபின் எங்கே இருக்கும்?"

காத்துக்காரர் கடைச் சுவரைக் காட்டினார். கல்லாவுக்கு மேலே ஓர் ஆணி. அதற்கும் கறுப்பு மையில் உருவம் வரைந்திருந்தது.

"கடைக்கே அடையாளம் மேடம் அது. வந்தவங்க எல்லாம் அதோட நின்னு படம் எடுத்துக்குவாங்க."

"எனக்குத் தண்ணி ஆகாது. எந்த ஃபின் எதுக்குன்னு சொல்லுங்க."

வாடகை ஃபின்கள் சுவர் நீளத்துக்கு வரிசை வரிசையாக, அளவு வாரியாகத் தொங்கின.

"இந்த நீளமானது, சிலிண்டர் இல்லாம மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போறவங்களுக்கு. ஒரு உதைதான், சும்மா வழுக்கிட்டுப் போகும். இது குதிகால் மூடினது, வெறுங்கால்ல மாட்டுறது. வெதுவெதுப்பான தண்ணி, மேலாக நீந்துறவங்க. இந்தப் பட்டை வச்சது, உள்ளே பூட்ஸ் போட்டுக்கணும். பாறையில நடந்து இறங்கணும்னா, குளிர் தண்ணின்னா இதுதான்."

"இது நடுவுல கிழிஞ்சிருக்கே?"

காத்துக்காரர் முதல் தடவையாகச் சிரித்தார். "கிழியல மேடம், அதோட வடிவே அப்படி. உதைக்க லேசு, முட்டி நோகாது. வாத்தியாருக்கு இதைக் கண்டாலே ஆகாது. பாம்பு நாக்குன்னுதான் சொல்லுவார். 'காசு கொடுத்துக் கிழிசல் வாங்குற கூட்டம்'னு கிண்டல் பண்ணுவார்."

"கப்பலுக்கு?"

"கட்டைதான். நீங்க கையில வச்சிருக்கீங்களே, அது. கப்பல் வயித்துல வருஷக்கணக்கா சேறு. நீளத்தைப் போட்டு ஒரு உதை விட்டா எல்லாம் கலங்கிடும், வாசல் தெரியாது. கட்டை போட்டுக்கிட்டுத் தவளை மாதிரி மெதுவா உதைக்கணும். தேவைன்னா பின்னாடியும் வரணும். பாம்பு நாக்குல பின்னாடி வரவே முடியாது. அதைப் போட்டுக்கிட்டு அங்க போறவன் பைத்தியக்காரன்."

இன்ஸ்பெக்டரின் விரல் பாம்பு நாக்கு வரிசையில் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனது. எல்லாம் காய்ந்திருந்தன. ஒன்று மட்டும் ஈரம். அதன் குதிகால் பட்டையில் ஒரு நீலத் துணி, பொடிப்பொடித் தையலில் சுற்றித் தைத்திருந்தது.

"இது?"

"யாராவது வாடிக்கைக்காரங்க தைச்சிருப்பாங்க." அவர் கை அதைப் பிய்க்கப் போனது.

"இருக்கட்டும் விடுங்க. சிலிண்டர் எல்லாம் ஏன் காலியா இருக்கு?"

"நேத்து முழுக்கக் கரண்ட் இல்லையே. நான் நிரப்பவே இல்ல."

"அப்ப வாத்தியார் எந்தக் காத்துல போனார்?"

"பழசு ஒண்ணு அரையும் குறையுமாக் கிடந்திருக்கும். அதான் நடுவழியில தீர்ந்துபோச்சு." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அறையை விட்டு வரும்போது இன்ஸ்பெக்டர் சன்னலைப் பார்த்தார். காற்று இழுக்கும் குழாய் அதன் வழியாகக் கூரைக்குப் போயிற்று. அதைப் பிடித்திருந்த வளையம் பளபளவென்று புதுசு. சன்னலுக்குக் கீழே வெளிச்சுவர் பூரா பாசியும் தூசியும். ஓர் இடம் மட்டும் தேய்த்துக் கழுவி வெள்ளையாக இருந்தது.

மதியம் ஒரு மணி. காவல் நிலையம்.

மச்சான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முன்னால் வைத்த சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது.

"சாப்பிடலையா?"

"வேணாம்."

"எதுக்குச் சண்டை?"

அவன் பொட்டலத்தைத் தள்ளி வைத்தான்.

"உங்க அக்கா என்னைக் கேட்கவே இல்ல, தம்பி எப்படி இருக்கான்னு."

"கேட்க மாட்டா. கேட்டா நீங்க ஏதாவது சொல்லிடுவீங்களே. அந்தப் பயம் அவளுக்கு."

"நீங்கதான் கொன்னீங்களா?"

"ஒரு விதத்துல," என்றான் அவன். "எழுதிக்குங்க."

இன்ஸ்பெக்டர் எழுதவில்லை. பையைத் திறந்து ஃபினை மேசைமேல் வைத்தார். "இதைப் போட்டுக்கிட்டு உங்க மாமா கப்பலுக்குப் போய்..."

"எதை?"

"இதை. கால்ல இருந்தது இதுதான்."

அவன் எழுந்துவிட்டான். பெஞ்சு பின்னால் சாய்ந்து விழுந்தது. "கட்டையா? மாமா கால்ல கட்டையா? முடியாது மேடம். முடியவே முடியாது."

"ஏன்?"

"அவர் முட்டி போயி பல மாசம் ஆச்சு! கட்டையில ரெண்டு உதை உதைச்சா ராத்திரி பூரா முனகுவார். நான்தான் வெளியூர் போய்ப் பாம்பு நாக்கு வாங்கிட்டு வந்து கொடுத்தேன். 'அக்காகிட்ட சொல்லாதே, யாருகிட்டயும் சொல்லாதே, ஊரெல்லாம் கேலி பண்ணினதை நானே போட்டுக்கிட்டேன்னா மானம் போயிடும்'னு சத்தியம் வாங்கினார். வர்ற வாரம் பசங்களுக்குக் கப்பல்ல பரீட்சை. நான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா, விட மாட்டேங்கிறார். பாம்பு நாக்கோடயே போறாராம், பின்னாடி வர்றதுக்குத் தொட்டியில பழகிப் பார்த்துட்டாராம். அதுக்குத்தான் கத்தினேன். நீங்க செத்தாத்தான் இந்தப் பிடிவாதம் முடியும்னு..." அவன் கையால் முகத்தைப் பொத்தினான். "அந்த ஃபினோட உள்ளே போய், வெளியே வர முடியாம செத்துட்டார்னு நினைச்சேன். வாங்கிக் கொடுத்தவன் நான்தானே? அதை எப்படி என் வாயால அக்காகிட்ட சொல்றது?"

இன்ஸ்பெக்டர் பெஞ்சை நிமிர்த்தி வைத்தார்.

"உட்காருங்க. நேத்து சிலிண்டர் நிரப்பினாங்களா?"

"நிரப்பினாரே. கரண்ட் இல்லைன்னு பெட்ரோல் ஜெனரேட்டர் போட்டு நிரப்பினார். சாயங்காலம் நான்தான் தூக்கி அடுக்கினேன். அத்தனையும் முழுசு."

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து மருத்துவருக்குப் போன் போட்டார். ஒரே ஒரு விஷயத்தை ரத்தத்தில் பார்க்கச் சொன்னார். பிறகு பொட்டலத்தைத் தானே பிரித்து அவன் பக்கம் தள்ளினார்.

மாலை நான்கு மணி. மறுபடி கடை.

"அம்மா, இந்தத் தடவை சரியாக் கேட்கிறேன். இந்தக் கட்டையை அவர் கடைசியா எப்ப போட்டார்?"

மனைவி யோசித்தார். "போன வருஷம். அப்புறம் நான்தான் பவுடர் போட்டு ஆணியில மாட்டினேன்."

"காலையில ஏன் சொல்லல?"

"நீங்க அவரோடதான்னுதானே கேட்டீங்க."

"இப்ப எதைப் போடுறார்?"

அவர் வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "முட்டி வலின்னு பாம்பு நாக்கு. துணி துவைக்கிற மிஷினுக்குப் பின்னாடி ஒளிச்சு வைப்பார். நான் கண்டுபிடிச்சிட்டேன். 'உன் தம்பிகிட்ட மட்டும் சொல்லாதே, சிரிச்சே கொல்லுவான்'னார். குதிகால் உராயுதுன்னு என் பழைய நைட்டியைக் கிழிச்சு..." குரல் நின்றது. "நீலத் துணி," என்றார்.

மிஷினுக்குப் பின்னால் எதுவும் இல்லை.

ஐந்து மணிக்குக் காற்று நிரப்பும் அறையில் நான்கு பேர் நின்றார்கள். மச்சானைக் கூட்டி வந்திருந்தார்கள். அக்கா அவனைப் பார்த்தார், அவன் தரையைப் பார்த்தான். காத்துக்காரர் கிழிந்த துணியால் ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியார் கப்பல்ல சாகல," என்றார் இன்ஸ்பெக்டர். "இதோ, இந்தத் தொட்டியில செத்தார். விடியறதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியாம பாம்பு நாக்கைப் போட்டுக்கிட்டு, பின்னாடி வரப் பழகினார். ரேக்குல இருந்து ஒரு சிலிண்டரை எடுத்து மாட்டியிருந்தார். அந்தச் சிலிண்டர்ல இருந்தது ஜெனரேட்டர் புகை. முக்குளிக்கிற கண்ணாடி மூக்கையும் சேர்த்து மூடியிருக்கும், மூச்சு வாயால, நாத்தம் தெரியாது. மயக்கம் வரும், அவ்வளவுதான். அந்த விஷம் ஏறினவங்க முகம் சிவந்து போகும். மருத்துவர் ரத்தத்துல பார்த்துட்டு இப்பத்தான் சொன்னார்."

அவர் காத்துக்காரர் பக்கம் திரும்பினார்.

"நேத்து நிரப்பவே இல்லைன்னீங்க. நிரப்பினீங்க. ஜெனரேட்டரைச் சன்னலுக்குக் கீழே வச்சீங்க, காத்து இழுக்கிற குழாயும் அங்கேதான் தொங்கிச்சு. காலையில அவரைத் தொட்டியில பார்த்ததும் உங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. குழாயைக் கூரைக்கு ஏத்தினீங்க, கரியைக் கழுவினீங்க. சிலிண்டர் வண்டியில அவரைப் படகுக்குக் கொண்டுபோய், படுத்திருந்த இந்தப் பையன் முழிக்காம துடுப்பு வலிச்சு, கப்பல்கிட்ட இறக்கிட்டு, நீந்தித் திரும்பினீங்க."

"அது யார் வேணும்னாலும்..." என்று தொடங்கினார் காத்துக்காரர்.

"இல்ல. வேற எவனா இருந்தாலும் கால்ல இருந்ததை அப்படியே விட்டிருப்பான். ஃபின்ல வித்தியாசம் இருக்குன்னே என்னை மாதிரி ஆளுக்குத் தெரியாது. பாம்பு நாக்கோட ஒருத்தரைக் கப்பல்கிட்ட போட உங்களுக்கு மனசு வரல. சந்தேகம் வரும்னு நினைச்சீங்க. அது வாத்தியாரோட சொந்த ஜோடின்னு உங்களுக்குத் தோணவே இல்ல; அவர் வாயால அதைத் திட்டித்தானே கேட்டிருக்கீங்க? வாடகை ஃபினை எடுத்துச் சும்மா போட்டுப் பார்த்திருக்கார்னு நினைச்சு, துடைச்சு, அளவு பார்த்து, அதுக்கான வரிசையில மாட்டிட்டீங்க. ஆணியில இருந்து கட்டையை எடுத்து அவர் காலுக்கு மாட்டினீங்க. கப்பலுக்கு அது சரியான ஜோடிதான். அந்த முட்டிக்கு இல்ல. முட்டி விஷயம் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். அந்த ரெண்டு பேரும் கட்டையை மாட்டியிருக்கவே மாட்டாங்க."

காத்துக்காரர் கையிலிருந்த துணியை நான்காக மடித்தார். பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"கூப்பிட்டுப் பார்த்தேன் தங்கச்சி," என்றார். இன்ஸ்பெக்டரிடம் அல்ல. "தூக்கிப் போட்டு நெஞ்சை அமுக்கினேன். ஜில்லுனு இருந்தார். சிலிண்டரைத் திறந்து மோந்தேன், வண்டிப் புகை நாத்தம். என் கையால நிரப்பின காத்து. இத்தனை வருஷம் அவர் என்னை நம்பித்தானே ஒவ்வொரு மூச்சும் விட்டார்..."

"மத்த சிலிண்டரையெல்லாம் திறந்து விட்டுட்டீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "இன்னொரு உயிர் போகக்கூடாதுன்னு. அந்த மனசு எனக்குப் புரியுது. புகையோட நிரப்பினது தப்பு, கவனக்குறைவு. அதுக்குச் சட்டத்துல ஒரு அளவு உண்டு. ஆனா இந்தப் பையனைப் பிடிச்சுக்கிட்டுப் போனப்போ நீங்க வாசல்ல நின்னுதானே பார்த்தீங்க?"

காத்துக்காரர் மடித்த துணியை மறுபடி பிரித்தார்.

வாத்தியாரின் மனைவி அதுவரை நகரவில்லை. இப்போது மெதுவாகச் சொன்னார்: "காலையில நீங்கதானே அண்ணே எனக்கு டீ போட்டுக் கொடுத்தீங்க."

அவ்வளவுதான் சொன்னார். காத்துக்காரர் அதைக் கேட்டுத்தான் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். அவரை எழுப்பிக் கூட்டிப் போனார்கள்.

அறையில் அக்காவும் தம்பியும் மிஞ்சினார்கள். இன்ஸ்பெக்டர் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அந்தப் பாம்பு நாக்கை வாங்கிக் கொடுத்தது நீயாடா?"

"ம். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னார்."

"உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்டயும் சொன்னார்."

"குதிகால் உராயுதுன்னு அவர் சொன்னப்ப, வேற அளவு மாத்திட்டு வரேன்னேன். வேணாம், சரியாப்போச்சுன்னார். எப்படி சரியாச்சுன்னு எனக்குத் தெரியவே இல்லக்கா."

அக்கா ஃபின் வரிசைக்குப் போய் அந்த ஜோடியைக் கழற்றினார். நீலத் துணி இன்னும் காயவில்லை. தையல் ஓர் இடத்தில் விட்டிருந்தது. விட்ட இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தார், விட்டார், மறுபடி அமுக்கினார். தம்பி வந்து பக்கத்தில் நின்றதும் ஒரு ஃபினை அவன் கையில் கொடுத்தார், ஒன்றைத் தான் வைத்துக்கொண்டார். அவருக்கு அப்போதும் அழுகை வரவில்லை. ஆனால் வெகுநேரம் கழித்து, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டார்.

கதை அவ்வளவுதான் கண்ணுங்களா. விளக்கைத் தூண்டி விடுங்க, கால் மரத்துப் போயிருக்கும், நீட்டிக்குங்க. உங்க வீட்டுல இருந்து வெளியே போற ஒவ்வொருத்தரும் போட்டுக்கிட்டுப் போன செருப்போடவே திரும்பி வரட்டும். உங்க வீட்டுக் காத்து சுத்தமா இருக்கட்டும். ஒருத்தருக்கு ஒருத்தர் மறைச்சு வைக்கிறதெல்லாம் பொறந்தநாள் பரிசா மட்டும் இருக்கட்டும். வாசல்ல வந்து நிக்கிறவங்களைப் பார்த்து "சாப்பிட்டியா"ன்னு கேட்க, எப்பவும் உள்ள ஒரு குரல் இருக்கட்டும். நல்லா இருங்க.